ராக்ஸிக்குள் நுழைய எந்த வாசல்?

1972 ஜூன் மாதம் லண்டனில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. முதல் பாட்டுக்கு முன்னால் விருந்துக் கூடத்தின் சலசலப்பு; கண்ணாடிக் கோப்பைகளின் ஒலி. பிறகு பியானோவும் டிரம்ஸும் பாய்ந்து வர, பின்குரல்கள் திரும்பத் திரும்பக் கூவுவது ஒரு காரின் நம்பர் பிளேட்டை. பாட்டு முடியும் தறுவாயில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சில விநாடிகள் தனியாக மேடை கிடைக்கிறது. பாஸ் கிதார் பீட்டில்ஸ் மெட்டு ஒன்றைக் கிள்ளிக் காட்டுகிறது. சாக்ஸபோன் வாக்னரின் ஆபராவிலிருந்து ஒரு துண்டை ஊதுகிறது. சின்தசைசருக்கு மெட்டே இல்லை, வெறுமனே கொப்பளிக்கிறது.

ராக்ஸி மியூசிக் குழுவின் முதல் ஆல்பம் அது. பெயரும் ‘ராக்ஸி மியூசிக்’தான். முதலில் வந்ததை முதலில் கேட்பதுதானே முறை என்று இதை எடுக்கிறவர் திணறிப்போகலாம். 1982-இல் வந்த கடைசி ஆல்பமான ‘ஆவலான்’ வழியாக நுழைகிறவருக்கு வேறு சிக்கல்: பட்டுத் துணி போல வழுக்கும் அந்த இசையைக் கேட்டுவிட்டு முதல் ஆல்பத்துக்குப் போனால், கடைக்காரர் உறை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று தோன்றும். இடையில் பத்து ஆண்டுகள்; முதலும் கடைசியும் சேர்த்து எட்டு ஸ்டுடியோ ஆல்பங்கள். எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்ற கேள்விக்கு விடை தேட, வடகிழக்கு இங்கிலாந்தின் ஓர் ஓவிய வகுப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

குழுவைத் தொடங்கிய பாடகர் பிரையன் ஃபெர்ரி 1945-இல் டர்ஹாம் மாவட்டத்தின் வாஷிங்டனில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர். அப்பா பண்ணைத் தொழிலாளி. சுரங்கத்தில் வண்டியிழுக்கும் மட்டக் குதிரைகளையும் பராமரித்தவர். மகன் 1964-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்தபோது அங்கே ஆசிரியராக இருந்தவர் ரிச்சர்ட் ஹாமில்டன்.

ஹாமில்டனைச் சாதாரண டிராயிங் மாஸ்டராக நினைத்துவிடக் கூடாது. பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டி அவர் 1956-இல் செய்த ஒரு சிறிய படம்தான் பிரிட்டிஷ் பாப் ஓவியத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. உடற்பயிற்சி வீரன், டேப் ரெக்கார்டர், டின்னில் அடைத்த இறைச்சி, வாக்குவம் கிளீனர் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு வரவேற்பறை அது. 1968-இல் பீட்டில்ஸின் வெள்ளை உறை ஆல்பத்தை வடிவமைத்தவரும் அவரே. சோப்பு விளம்பரத்தையும் சினிமா நடிகையின் சிரிப்பையும் மரியாதையோடும் கொஞ்சம் நக்கலோடும் ஒரே சமயத்தில் பார்க்கலாம் என்பது அந்த வகுப்பறையில் கிடைத்த பாடம். ஃபெர்ரி அதைத் தூரிகையோடு விட்டுவிடாமல் பாட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்து பிரிட்டனில் ஓவியக் கல்லூரிகள் ராக் இசைக்கு நாற்றங்கால் போல இருந்தன. லிவர்பூலில் ஜான் லென்னன், ஈலிங்கில் பீட் டவுன்ஷெண்ட், சிட்கப்பில் கீத் ரிச்சர்ட்ஸ், கேம்பர்வெல்லில் சிட் பேரட். ஆனால் இவர்களில் பலருக்குக் கல்லூரி என்பது கிதார் வாசிக்க நேரம் கொடுத்த இடம். ராக்ஸியின் கதை அப்படியில்லை. இங்கே பாடத்திட்டமே இசையாகிவிட்டது.

லண்டனுக்கு வந்த ஃபெர்ரி ஒரு பள்ளியில் மண்பாண்டக் கலை சொல்லிக்கொடுத்தபடி ஆள் சேர்க்கத் தொடங்கினார். நியூகாசில் நாட்களிலிருந்தே கூட வாசித்த கிரஹாம் சிம்ப்சன் பாஸ் கிதாருக்கு. ரெடிங் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்டி மக்கே, சாக்ஸபோனோடு ஓபோவும் வாசிப்பவர். நம் நாகசுரத்தைப் போல இரட்டை நாணல் சீவாளி வைத்து ஊதும் அந்தக் கருவியை ராக் மேடையில் பார்ப்பதே அபூர்வம். மக்கேயிடம் வி.சி.எஸ்.3 என்ற சிறிய சின்தசைசர் ஒன்றும் இருந்தது. அதை இயக்க வந்தவர் பிரையன் ஈனோ. அவரும் ஓவியக் கல்லூரிக்காரர். இப்ஸ்விச்சிலும் வின்செஸ்டரிலும் படித்தவர். பாதாள ரயிலில் தற்செயலாக மக்கேயைச் சந்தித்ததால்தான் குழுவுக்குள் வந்தார். பிளாட்பாரத்தில் பத்து கஜம் தள்ளி நின்றிருந்தால் இன்று ஓவிய ஆசிரியராக இருந்திருப்பேன் என்ற பொருளில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன்னை இசைக் கலைஞன் என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் வாசிப்பதைத் தன் கருவிக்குள் வாங்கி, முறுக்கி, வேறொன்றாக வெளியே விடுவதுதான் அவர் வேலை. டிரம்ஸுக்கு ஜாரோவில் பிறந்த பால் தாம்சன் வந்தார். மற்றவர்கள் எவ்வளவு பறந்தாலும் கயிறு இவர் கையில்தான் இருந்தது. கிதாருக்கு வந்த ஃபில் மன்சனெரா முதல் தேர்வில் நிராகரிக்கப்பட்டவர். அம்மா கொலம்பியர், சிறுவயதின் ஒரு பகுதி கியூபாவில் கழிந்தது.

பெயருக்குப் பழைய சினிமாக் கொட்டகைகளின் பட்டியலைப் போட்டுப் பார்த்தார்கள். ரிட்ஸ், ஓடியன், ரீகல், ராக்ஸி. சென்னை புரசைவாக்கத்தில்கூட ஒரு ராக்ஸி தியேட்டர் இருந்தது. உலகெங்கும் சுற்றிய பெயர். அமெரிக்காவில் ராக்ஸி என்று ஏற்கனவே ஒரு குழு இருந்ததால் ‘மியூசிக்’ ஒட்டிக்கொண்டது.

1972 மார்ச்சில் லண்டன் பிக்காடில்லியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில், சில வாரங்களுக்குள் முதல் ஆல்பத்தைப் பதிந்து முடித்தார்கள். கிங் கிரிம்சன் குழுவுக்குப் பாட்டெழுதிய பீட் சின்ஃபீல்ட் தயாரிப்பாளர். அதே கிங் கிரிம்சனுக்குப் பாடகராகச் சேர முயன்று ஃபெர்ரி தேர்வாகவில்லை என்பது கிளைக்கதை. அந்தத் தோல்வியில் கிடைத்த அறிமுகம்தான் மேலாளர்களையும் தேடித் தந்தது. ஆல்பத்தின் பாட்டுகள் ஹாமில்டனின் வரவேற்பறையைப் போலவே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒன்று நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்குக் காணிக்கை, ஆனால் தலைப்பு பென்சில் ரகத்தின் பெயர் போல ‘2எச்பி’. இன்னொன்று நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கி, பாதி வழியில் அழுகையாக மாறிவிடும். உறையில் குழுவினரின் முகமே இல்லை. அழகு சாதன விளம்பரம் போல ஒரு மாடல் சாய்ந்து படுத்திருக்கிறார். அதன் பிறகு பெரும்பாலான உறைகளுக்கு அதுவே வழக்கமாயிற்று. ஆகஸ்டில் தனியாக வந்த ‘வெர்ஜீனியா பிளெய்ன்’ விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடத்துக்குப் போனது. ஃபெர்ரி மாணவனாக வரைந்த சிகரெட் பெட்டி ஓவியத்தின் பெயர் அது. மூன்று நிமிடப் பாட்டில் பல்லவி கிடையாது. தலைப்பு கடைசிச் சொல்லாக ஒருமுறை வரும், பாட்டு அங்கேயே அறுந்துவிடும். அசல் பிரிட்டிஷ் இசைத்தட்டில் அந்தப் பாட்டு இல்லை. பின்னாளைய பதிப்புகளில்தான் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ‘ஃபார் யுவர் பிளெஷர்’. உறையில் கருஞ்சிறுத்தையைக் கயிற்றில் பிடித்தபடி அமாண்டா லியர். மடித்த உறையைத் திருப்பினால் டிரைவர் சீருடையில் ஃபெர்ரி சிரித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே ஒரு பாட்டில், நீச்சல் குளமும் நவீன வசதிகளும் உள்ள பங்களாவில் ஒரு பணக்காரன் காற்றடைத்த பொம்மையைக் காதலிக்கிறான். ஹாமில்டனின் 1956 படத்தை அப்படியே உள்ளிருந்து பார்த்தது போல இருக்கும். முதல் பாதி முழுக்க ஒரே ஆர்கன் சுழல், உணர்ச்சியற்ற குரல்; பிறகு மன்சனெராவின் கிதார் பீறிட்டு எழுகிறது. அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது ஒலியே நெளிந்து குழைந்து மீண்டும் எழும். இந்தக் குழு செய்தவற்றில் இதைவிடத் துணிச்சலானது எதுவுமில்லை.

மேடையில் இறகு உடுப்போடு நின்ற ஈனோவின் பெயரை ரசிகர்கள் கூவத் தொடங்கினார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிரையன்கள் என்பது முன்பே சங்கடம். கச்சேரி நடுவே வெளுக்கப் போட வேண்டிய துணிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தபோது, விலகும் நேரம் வந்துவிட்டதென்று புரிந்ததாக ஈனோ சொல்லியிருக்கிறார். 1973 ஜூலையில் வெளியேறினார்.

இங்கேதான் பெரும்பாலான விமர்சகர்கள் கோடு கிழிப்பார்கள்: ஈனோ இருந்தவரை கலை, பிறகு வியாபாரம். கேட்பதற்குக் கச்சிதமான பிரிவினை, ஆனால் தவறு. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘ஸ்ட்ராண்டெட்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதுதான் ராக்ஸியின் சிறந்த ஆல்பம் என்று சொன்னவர்களில் ஈனோவே ஒருவர். அவர் இடத்துக்கு வந்த எட்டி ஜாப்சனுக்கு 18 வயது. வயலினும் கீபோர்டும் வாசிப்பவர். மக்கேயும் மன்சனெராவும் முதல்முறையாகப் பாட்டாக்கத்தில் பங்கு பெற்றார்கள். ‘எ சாங் ஃபார் யூரோப்’ ஆங்கிலத்தில் தொடங்கி, லத்தீனுக்குத் தாவி, பிரெஞ்சில் முடிகிறது. இவ்வளவு ஒப்பனை போட்ட துக்கம் நடிப்பா நிஜமா என்று கேட்பவர் தடுமாறும் இடத்தில் பாட்டு நிற்கிறது. ‘மதர் ஆஃப் பேர்ல்’ விருந்தின் உச்சக் கூச்சலோடு தொடங்கி, ஒரு நிமிடம் கடந்ததும் விடிகாலைத் தலைவலி போல மெதுவாகிவிடும்.

அதனால் புதியவர் நுழைய வேண்டிய வாசல் ‘ஸ்ட்ராண்டெட்’. வெட்டி ஒட்டும் வித்தை எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒட்டிய பசை காய்ந்திருக்கிறது, காதுக்குப் பிடி கிடைக்கிறது. அங்கிருந்து ஒரு படி பின்னால் போய் ‘ஃபார் யுவர் பிளெஷர்’. அது பழகிய பிறகு முதல் ஆல்பம் திணறலாகத் தெரியாது. கல்லூரி விட்டு வந்த பிள்ளைகளின் கொண்டாட்டமாகக் கேட்கும்.

முன்னோக்கிப் போகிறவர்களுக்கு 1974-இன் ‘கன்ட்ரி லைஃப்’. பிரிட்டிஷ் சீமான்களின் கிராமிய வாழ்க்கைப் பத்திரிகை ஒன்றின் பெயரை எடுத்துக்கொண்டு, உறையில் உள்ளாடையோடு இரு ஜெர்மன் பெண்கள். அமெரிக்காவில் அதைப் பச்சைத் தாளில் மூடி விற்றார்கள். பிறகு பெண்களே இல்லாமல் பின்னாலிருந்த செடிகளை மட்டும் அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டின் ‘சைரன்’ உறையில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவுப் பாறைமேல் கடற்கன்னி வேடத்தில் ஜெரி ஹால். அதன் முதல் பாட்டான ‘லவ் இஸ் த டிரக்’ பிரிட்டனில் 2-ஆம் இடத்தைத் தொட்டது. பாட்டைச் சுமப்பது ஜான் கஸ்டஃப்சனின் பாஸ் கிதார். லண்டனில் ராக்ஸியின் கச்சேரியைப் பார்த்த நைல் ராட்ஜர்ஸ் என்ற நியூயார்க் கிதார் கலைஞர், உடுப்பும் இசையும் ஒன்றாகச் சேரும் ஒரு குழுவைக் கறுப்பின நடன இசையில் கட்டலாம் என்று யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் டிஸ்கோ காலத்தின் ‘ஷீக்’.

1976-இல் குழு கலைந்தது. 1979-இல் மீண்டும் கூடி வெளியிட்ட ‘மேனிஃபெஸ்டோ’வையும் அடுத்த ஆண்டின் ‘ஃப்ளெஷ் அண்ட் பிளட்’டையும் அவசரமில்லாமல் கேட்கலாம். ‘ஆவலான்’ வேறு விஷயம். பஹாமாஸிலும் நியூயார்க்கிலும் பதிந்தது. அதற்குள் ஃபெர்ரி, மக்கே, மன்சனெரா மூவர்தான் மிச்சம். தலைப்புப் பாட்டின் முடிவில் மேலே மிதந்து போகும் பெண்குரல் ஹெய்தியைச் சேர்ந்த யானிக் எட்டியென்னுடையது. நியூயார்க் ஸ்டுடியோவுக்கு வேறு வேலையாக வந்தவரின் குரல் காதில் விழ, ஃபெர்ரி கூப்பிட்டுப் பாடவைத்தார். வழியில் கிடைத்ததை எடுத்து ஒட்டிக்கொள்ளும் நியூகாசில் பழக்கம் அப்போதும் போகவில்லை.

எந்த ஆல்பத்தை எடுத்தாலும் உறையின் உள்ளே பாஸ் கிதார் வாசித்தவர் பெயரைத் தேடிப் பார்ப்பது ஒரு தனி விளையாட்டு. முதல் ஆல்பம் கடைக்கு வருவதற்குள் கிரஹாம் சிம்ப்சன் விலகிவிட்டார். பிறகு ரிக் கென்டன், ஜான் போர்ட்டர், கஸ்டஃப்சன், மேடைகளில் ஜான் வெட்டன், கேரி டிப்ஸ், ஆலன் ஸ்பென்னர் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாற்காலி கடைசி வரை யாருக்கும் நிரந்தரமாகவில்லை.