இளைப்பு ஒன்று, நோய்கள் இரண்டு

நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் மார்கழிக் குளிர் இறங்கும்போது இருமலும் இளைப்பும் பல வீடுகளுக்கு விருந்தாளியாக வந்துவிடுகின்றன. ‘இளைப்பு’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் துன்பம் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், நிமோனியாவாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிந்த வரலாற்றில் அரபு மொழி மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒன்றுபோல் தோன்றும் நோய்களை வேறுபடுத்திக் காணும் வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அர்-ராஸி (கி.பி. 865-925). பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்து விளக்கத் தனி நூலே எழுதினார். அவருக்குப் பின் வந்த இப்னு சீனா (980-1037), தம் ‘அல்-கானூன்’ நூலின் 3ஆம் பாகத்தில் ‘ரப்வு’ எனும் இளைப்பு நோயையும் ‘தாதுர் ரிஆ’ எனும் நுரையீரல் அழற்சியையும் தனித்தனியே விவரித்தார்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில், அய்யூபிய அரசவை மருத்துவராக விளங்கிய யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், இளைப்பால் அவதியுற்ற உயர்குடி நோயாளி ஒருவருக்காக அரபியில் ஒரு நூல் இயற்றினார். அவர் மருந்தோடு நிற்கவில்லை. நோயாளியின் உணவு, உறக்கம், மனநிலை, சுவாசிக்கும் காற்று ஆகிய அனைத்தையும் ஆராய்ந்தார். நோயை மட்டுமன்றி நோயாளியையும் அறிய வேண்டும் என்பதே அந்நூலின் சாரம்.

1816இல் லென்னக் உருவாக்கிய ஸ்டெதாஸ்கோப், நெஞ்சின் ஒலிகளைக் கேட்டு நோயறிய உதவியது. 1928இல் கண்டறியப்பட்ட பென்சிலின் நிமோனியா மரணங்களைக் குறைத்தது. 1956இல் அளவிட்டு மருந்து தரும் இன்ஹேலர் வந்தது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன. வீசிங் வந்து வந்து போகும். அதற்கு இன்ஹேலரே முதன்மை மருந்து. அது பழக்கமாகிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. நிமோனியாவில் கிருமித்தொற்றால் நுரையீரலின் காற்றறைகள் நீரும் சீழுமாக நிறைகின்றன. பாக்டீரியாவால் வந்ததெனில் ஆன்டிபயாட்டிக் தேவை. ஆஸ்துமாவுக்கு மட்டும் அதே மருந்தைக் கொடுத்தால் பயனில்லை.

ஆளுக்கு ஆள் அடையாளங்களும் மாறும். இருமலோ மூச்சுச் சிரமமோ உள்ள 2 முதல் 11 மாதக் குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ, 1 முதல் 5 வயதுக் குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் நிமோனியாவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதியவர்களிடம் காய்ச்சலே இன்றி, சோர்வும் மனக்குழப்பமும் மட்டும் தென்படலாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். போன முறை மீந்த மாத்திரையை எடுத்து விழுங்குவது மருத்துவம் ஆகாது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்ன நோய் என்று அறிந்து மருந்துண்பதே அதைப் பேணும் முறை.