101-க்கு போன் போட்டால் என்ன நடக்கும்? சின்ன ஊர் தீயணைப்பு நிலையம் செய்யும் வேலைகள் என்னென்ன? முழு விவரம்

தீப்பிடிச்சா 101. இது எல்லாருக்கும் தெரிந்த நம்பர்தான். ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் எத்தனை பேர், எத்தனை வண்டி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் தீயணைப்பு நிலையம் என்றால், பெரும்பாலும் ஒரு தண்ணீர் வண்டியும் ஒரு சிறிய குழுவும்தான். ஊருக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள கிராமங்களுக்கும் அதே வண்டிதான் ஓட வேண்டும்.

அதனால் எதற்கு அழைக்கலாம், எப்படி அழைக்கணும், வண்டி வரும் வரை என்ன செய்யணும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

நிலையத்தை நடத்துவது யார்?

அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளில் ஒன்றாகத் தீயணைப்பு இருக்கிறது. மும்பையில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. உள்துறையின் கீழ் வரும் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைதான் எல்லா ஊர் நிலையங்களையும் நடத்துகிறது. இதற்கான சட்டம் 1985-ல் கொண்டுவரப்பட்டது.

ஒரு நிலையத்துக்குத் தலைவர் நிலைய அலுவலர். அவருக்குக் கீழே முன்னணி தீயணைப்போர், ஓட்டுநர்கள், தீயணைப்போர் இருப்பார்கள். விடுமுறை, பண்டிகை எதுவாக இருந்தாலும் நிலையம் 24 மணி நேரமும் இயங்கும். தீபாவளி நாளில்தான் இவர்களுக்கு வேலை அதிகம்.

வண்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்?

வழக்கமான தண்ணீர் வண்டி ஒன்றில் சுமார் 4,500 லிட்டர் பிடிக்கும். கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் ஒரே குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தாலே 10 நிமிடத்தில் காலியாகிவிடும். அதன் பிறகு தண்ணீர் பிடிக்க இடம் தேடணும்.

வைக்கோல் போர், பஞ்சு குடோன், குப்பைக் கிடங்கு போன்ற இடங்களில் தீ மேலே அணைந்த பிறகும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அதனால் பக்கத்தில் கிணறு எங்கே, யாருடைய பம்ப் செட் ஓடும், பேரூராட்சி தண்ணீர் லாரியை யாரிடம் கேட்கணும் என்பதை ஊர்க்காரர்கள் உடனே சொன்னால் பெரிய உதவி.

தீ மட்டும்தானா?

இல்லை. துறையின் பெயரிலேயே 'மீட்பு' இருக்கிறது. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, மரத்தில் கூடு கட்டிய கதண்டு, சாலை விபத்தில் நசுங்கிய காருக்குள் சிக்கியவர், ஏரி குளத்தில் மூழ்கியவர், புயலில் சாலையில் சாய்ந்த மரம், குழந்தையின் தலையில் மாட்டிக்கொண்ட பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். தீயை அணைப்பதற்கும் உயிரைக் காப்பாற்றுவதற்கும் கட்டணம் கிடையாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வண்டியும் குழுவும் ஒன்றுதான். பாம்பு பிடிக்கப் போன நேரத்தில் எதிர்த் திசை கிராமத்தில் கூரை வீடு பற்றிக்கொண்டால், பக்கத்து ஊர் நிலையத்திலிருந்துதான் வண்டி வரணும். 20 கி.மீ. தூரம், மணிக்கு 40 கி.மீ. வேகம் என்று வைத்தாலும் அரை மணி நேரம் ஆகும். கூரை வீடு எரிந்து முடிய அவ்வளவு நேரம் ஆகாது. விளையாட்டுக்காகப் போடும் பொய் போன் எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே புரியும்.

எதற்கு யாரைக் கூப்பிடணும்?

தீ, உயிருக்கு ஆபத்து என்றால் 101 அல்லது 112. யோசிக்கவே வேண்டாம்.

கேஸ் வாசனை மட்டும் வருகிறது, தீ இல்லை என்றால், சிலிண்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்கலாம். இது சமையல் கேஸ் கசிவுக்கான 24 மணி நேர உதவி எண். அந்த நேரத்தில் வீட்டில் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது.

மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் எண் 94987 94987. மின்சாரத்தை நிறுத்தியது உறுதியாகும் வரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

பாம்பு தோட்டத்தில் ஊர்ந்து தானாகவே வெளியே போகிறது என்றால் விட்டுவிடலாம். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் அழைக்கலாம். பிடிக்கும் பாம்பை வனத்துறையிடம் ஒப்படைப்பார்கள். அடித்துக் கொல்வது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம்.

போனில் என்ன சொல்லணும்?

செல்போனில் அழைக்கும்போது எடுப்பவர் வேறு ஊர் கட்டுப்பாட்டு அறையில் இருக்கக்கூடும். அதனால் 'மாரியம்மன் கோயில் தெரு' என்று தொடங்கினால் போதாது. முதலில் மாவட்டம், தாலுகா, ஊர். பிறகு தெரு, அடையாளம். என்ன எரிகிறது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா, கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்பதையும் சொல்லணும். போனை வைத்த பிறகு ஒருவர் மெயின் ரோட்டுக்கு வந்து நின்று வழிகாட்டினால், சந்து சந்தாகத் தேடும் நேரம் மிச்சம். உள்ளூர் நிலையத்தின் நேரடி எண்ணையும் செல்போனில் பதிந்து வைப்பது நல்லது.

வண்டி வரும் வரை?

* முதலில் ஆட்கள் வெளியேறணும். பணம், பத்திரம் எடுக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது. புகை அதிகம் என்றால் தரையோடு தவழ்ந்து வெளியேறணும்.
* எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடணும்.
* உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருளணும்.
* தீக்காயத்தில் 20 நிமிடமாவது குழாய்த் தண்ணீர் படணும். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதையும் தடவக் கூடாது.
* பழைய கிணறு, கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இன்னொருவர் இறங்கக் கூடாது. உள்ளே விஷவாயு இருக்கலாம், ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். ஒருவர் பின் ஒருவராக இறங்கி மூன்று, நான்கு பேர் இறந்துபோகும் சம்பவங்கள் இப்படித்தான் நடக்கின்றன. தீயணைப்புக் குழு மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டுதான் இறங்கும்.

தீப்பிடிக்கும் முன்பே ஒரு வேலை

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறைகளின் ஓலைக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். எவ்வளவு வேகமாக வண்டி வந்தாலும், வெளியேற வழியில்லாத கட்டடத்தில் பலன் குறைவு என்பதைத் தமிழ்நாடு அன்று கண்ணால் பார்த்தது.

அதனால்தான் மருத்துவமனை, தியேட்டர், பட்டாசுக் கடை போன்ற இடங்களைத் தீயணைப்புத் துறை பார்வையிடுகிறது. வெளியேறும் வழி, தீயணைப்பான், தண்ணீர் வசதி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பள்ளிகளில் ஒத்திகையும் நடத்துவார்கள். பள்ளியோ குடியிருப்போ கேட்டுக்கொண்டாலும் வந்து சொல்லித் தருவார்கள்.

தீ விபத்துக்குப் பிறகு?

காப்பீடு கேட்க, தீயணைப்பு நிலையம் தரும் தீ விபத்து அறிக்கை தேவைப்படும். வண்டி வந்த நாள், நேரத்தைக் குறித்து வைத்து விண்ணப்பிக்கணும். குடிசை எரிந்திருந்தால் அரசு நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ., தாலுகா அலுவலகத்தை அணுகணும். அதைத் தருவது வருவாய்த் துறை.

ஏப்ரல் 14 ஏன் முக்கியம்?

1944 ஏப்ரல் 14-ல் மும்பை துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டைகின்' கப்பல் வெடித்ததில், தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அந்த நாள் தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் நிலையத்துக்கே போய் வண்டியையும் கருவிகளையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். தீயணைப்பானை எப்படி இயக்குவது என்று அங்கேயே கற்றுக்கொள்ளவும் முடியும்.