திரைச் செய்தித்தாளின் உடற்பகுதி: மறுபயன்பாடும் காலக்கணிப்பும்

சேலம் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. 1950இல் அங்கிருந்து ‘மந்திரி குமாரி’, ‘திகம்பர சாமியார்’ உள்ளிட்ட படங்கள் வெளிவந்தன. முன்னது அரச கதை. அத்தகைய கதையில் நாளிதழுக்கு இடமில்லை. பின்னது வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவியது. இவ்வகைத் துப்பறியும் கதைகளிலும் சமூகக் கதைகளிலுமே திரைச் செய்தித்தாளுக்கு வேலை உண்டு. சுழன்று வந்து நிற்கும் தாள், ஒரு கொலையையோ கைதையோ ஒரே வரியில் அறிவித்து மறைந்துவிடும்.

ஆத்தூர் போன்ற ஊர்களில் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்தவருக்கு அவ்வரி இரண்டு மூன்று நொடிகளே கண்ணில் படும். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு ஏறத்தாழ 18 விழுக்காடு. ஆகவே, செய்தித்தாள் விற்கும் சிறுவனின் கூவலோ பாத்திரமொன்றின் உரத்த வாசிப்போ தலைப்பைக் காதுக்கும் கொண்டு சேர்ப்பது வழக்கமாயிற்று. தலைப்பே இருமுறை சொல்லப்பட்டபின் அதன் கீழுள்ள பத்திகளை எவர் படிக்கப் போகிறார்?

படிக்கப்படாத பத்திகளைப் புதிதாக அச்சுக்கோப்பது வீண்செலவு. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்த காலத்தில், ஒரு பக்கத்தின் உடற்பகுதி பல மணிநேர உழைப்பாகும். தலைப்போ சில நிமிட வேலை. முன்பே கோத்துக் கட்டிய பத்திகளை வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் மாற்றுவதும், அசல் நாளிதழின் மீது புதுத் தலைப்பை ஒட்டுவதும் எளிய வழிகள். அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்தது. 1915இல் தொடங்கப்பட்ட ஏர்ல் ஹேஸ் பிரஸ் 1960களில் அச்சிட்ட ஒரு செய்தித்தாள், நீண்ட கருங்கூந்தல் கொண்ட பெண்ணின் அதே படத்துடன், ‘மாடர்ன் ஃபேமிலி’ தொடர் வரை பல நிகழ்ச்சிகளில் மாந்தர்தம் கைகளில் காணப்படுகிறது. படக்கருவியில் காட்சியை நிறுத்திப் பார்க்கும் வசதி வந்த பின்னரே இத்தகைய மறுபயன்பாடு பரவலாகப் பேசப்பட்டது. நொடிப்பொழுதுக்கென அமைந்த எழுத்து அதன்பின் ஆவணம்போல் வாசிக்கப்படலாயிற்று.

ஆய்வாளர்க்கு இடர் இங்கேதான். நிறுத்திய காட்சியிலுள்ள பத்திகளைப் படத்தின் கதைக்கோ அரசியலுக்கோ சான்றாகக் கொள்வது பிழை. அவை வேறொரு நாளின், வேறொரு தேவையின் எழுத்துகளாக இருக்கக்கூடும். எனினும் தமிழில் அவற்றுக்கு வேறொரு பயன் உண்டு. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. 1950களில் நிகழ்வதாக எடுக்கப்பட்ட பிற்காலப் படமொன்றில் வெகுசன நாளிதழாகக் காட்டப்படும் தாள் சீர்திருத்த எழுத்தில் இருப்பின், அது பின்னாளில் அச்சானது என்பது ஏறத்தாழ உறுதி. திராவிட இயக்க இதழ்கள் மட்டுமே இதற்கு விலக்கு. ஒரே பக்கத்தில் தலைப்பு புது வடிவிலும் பத்திகள் பழைய வடிவிலும் அமைவது இன்னும் கவனத்திற்குரியது: பழைய உடலுக்குப் புதுத் தலை பொருத்தப்பட்டதை அது உணர்த்தக்கூடும்.

இதையும் முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. 1978க்குப் பின்னரும் அச்சகங்கள் கையிருப்பில் இருந்த பழைய ஈய எழுத்துகளைப் பயன்படுத்தின. தலைப்புக்கான பெரிய எழுத்துகளும் பத்திக்கான சிறிய எழுத்துகளும் ஒரே நாளில் மாற்றப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆகவே அசல் நாளிதழிலும் இக்கலப்பு நேர இடமுண்டு. தேய்ந்த படப்பிரதிகளில் சொற்களே தெளிவாகத் தெரியாத நிலையிலும், லகர, ளகரங்களின் முன் துதிக்கைபோல் வளைந்து நிற்கும் பழைய ஐகாரக் குறி பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும்.