லிங்கனை எழுதிய கவிஞன்: ஓராள் அரங்குக்குக் காத்திருக்கும் ஒரு கதை

1947 ஜூலை 26. நள்ளிரவு அப்போதுதான் கடந்திருந்தது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் சில வரலாற்றாய்வாளர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் சொந்த ஆவணங்கள், ஏறத்தாழ 18,000 தாள்கள், அன்றுதான் திறக்கப்படவிருந்தன. அவற்றை நூலகத்துக்குக் கொடுத்த மகன் ரொபர்ட் லிங்கன், தான் இறந்து 21 ஆண்டுகள் கடக்கும்வரை யாரும் பார்க்கக்கூடாது என்று நிபந்தனை விதித்திருந்தார். காத்திருந்தவர்களில் ஒருவர் கவிஞர் கார்ல் சான்ட்பேர்க். வயது 69. லிங்கனைப் பற்றி ஆறு தொகுதிகளை அவர் ஏற்கெனவே எழுதி, அச்சிட்டு, பரிசும் வாங்கி முடித்திருந்தார்.

ஒருவரின் வாழ்க்கையை முழுவதுமாக எழுதிவிட்டு, அதன்பிறகு அவருடைய கடிதக்கட்டைத் திறக்கும் மனிதனின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? மேடையில் தனியே நிற்கும் ஒரு நடிகனுக்கு இதைவிட நல்ல தொடக்கக் காட்சி கிடைப்பது அரிது.

சான்ட்பேர்க் 1878 ஜனவரி 6ஆம் திகதி இலினோய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் நகரில், சுவீடனிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ரயில்வே கம்பனியில் கொல்லனுக்கு உதவியாளர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பால் வண்டி ஓட்டினார், முடிதிருத்தும் கடையில் எடுபிடி வேலை பார்த்தார், சரக்கு ரயில்களில் ஏறி ஊர் ஊராக அலைந்தார். அதே கேல்ஸ்பர்க்கில், அங்குள்ள நொக்ஸ் கல்லூரியின் கட்டடத்தின் முன்னால்தான் 1858 ஒக்டோபர் 7ஆம் திகதி லிங்கனும் டக்ளஸும் அடிமை முறை பற்றி விவாதித்தார்கள். அந்தச் சுவரில் பதிக்கப்பட்டிருந்த லிங்கனின் சொற்களை, வேலைக்குப் போகும் வழியில் சிறுவன் சான்ட்பேர்க் திரும்பத் திரும்ப வாசித்தான். ஊர்க் கிழவர்களில் சிலர் அந்த விவாதத்தை நேரில் கேட்டவர்கள். அவனுக்கு லிங்கன் பாடப்புத்தகத்து மனிதர் அல்ல, அயலில் நடமாடிவிட்டுப் போனவர்.

பின்னர் அவர் சோசலிசவாதியானார். மில்வோக்கி நகரின் சோசலிச மேயருக்குச் செயலாளராக இருந்தார். சிக்காகோவில் பத்திரிகையாளரானார். 1916இல் வெளிவந்த 'சிக்காகோ கவிதைகள்' அவரைக் கவிஞராக நிலைநிறுத்தியது. சிறுவர்களுக்காக லிங்கனைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதித்தரும்படி பதிப்பாளர் கேட்டார். அந்தச் சிறு புத்தகம் 1926இல் 900 பக்கங்களைத் தாண்டிய இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது: 'புல்வெளி ஆண்டுகள்'. லிங்கன் ஜனாதிபதிப் பதவியேற்க ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்து ரயில் ஏறுவதோடு அது முடிகிறது. மீதியை எழுத மேலும் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1939 டிசெம்பரில், ஐரோப்பாவில் போர் தொடங்கியிருந்த வேளையில், 'போர் ஆண்டுகள்' நான்கு தொகுதிகளாக வந்தது. பத்து இலட்சத்துக்கும் அதிகமான சொற்கள். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் விருது கிடைத்தது. ஆனால் வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில் அல்ல. வாஷிங்டனையும் லிங்கனையும் பற்றிய நூல்களுக்கு அந்தப் பிரிவில் பரிசு தருவதில்லை என்ற விதி இருந்ததால், வரலாற்றுப் பிரிவில் வழங்கினார்கள்.

இனி அரங்குக்கு வருவோம். அமெரிக்காவில் ஓராள் அரங்கு ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. ஹால் ஹோல்புரூக் என்ற நடிகர் 1954இலிருந்து மார்க் ட்வெய்னாக மேடையேறி, 2,000 தடவைகளுக்கு மேல் நடித்து, 92 வயதில்தான் நிறுத்தினார். கவிஞர் எமிலி டிக்கின்சனை ஜூலி ஹரிஸ் 1976இல் தனியொருவராக மேடைக்குக் கொண்டுவந்தார். ஜனாதிபதி ட்ரூமனாக ஜேம்ஸ் விட்மோர் தனித்து நடித்தார். கவிஞருக்கும் முன்னுதாரணம் உண்டு, ஜனாதிபதிக்கும் உண்டு. ஆனால் கவிஞன் ஜனாதிபதியை எழுதுவதை நடிப்பது வேறு வகைச் சிக்கல். எழுதுவது மேடையில் ஒரு செயலே அல்ல. தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவரை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? யாரோடு அவர் பேசுகிறார் என்பதை நாடகாசிரியர் முதலில் தீர்மானிக்க வேண்டும். எமிலியின் நாடகம் பார்வையாளரை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக்கியது. சான்ட்பேர்க்குக்கு அந்தத் தந்திரம் தேவையில்லை. அவர் பேசவேண்டிய ஆள் லிங்கன்தான், பதில் சொல்ல வரமாட்டாத ஆள்.

இன்னொரு பொறியும் உண்டு. சான்ட்பேர்க் தானே ஓர் ஆற்றுகையாளர். நெற்றியில் விழும் வெள்ளைத் தலைமயிரும் கையில் கிற்றாருமாக ஊர் ஊராகச் சென்று, கவிதை வாசித்து, நாட்டார் பாடல்கள் பாடினார். அந்தப் பயணங்களில் வந்த பணம் வீட்டுச் செலவுக்கு உதவியது. போன இடங்களிலெல்லாம் லிங்கனைப் பற்றிய கதைகளையும் பழைய புத்தகங்களையும் சேர்த்தார். ஆகவே அவரை நடிப்பவர் கிற்றாரைக் கையில் எடுத்துவிட்டால் போதும், சபை மயங்கிவிடும். நாடகம் இனிய மாலைப்பொழுதாகி முடிந்துவிடும். நோர்மன் கோர்வின் தயாரித்த 'கார்ல் சான்ட்பேர்க்கின் உலகம்' அவருடைய எழுத்துகளின் தொகுப்பு. அதில் தனியொருவர் அல்ல, பெற் டேவிஸ் உட்பட மூவர் நடித்தார்கள். ஊர்களைச் சுற்றிவிட்டு 1960 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பிரோட்வேக்கு வந்த அது, 29 காட்சிகளோடு நின்றுபோனது.

என்னைக் கேட்டால், நாடகம் வேறிடத்தில் இருக்கிறது. 1928 டிசெம்பரில் 'அற்லாண்டிக் மந்த்லி' சஞ்சிகை, லிங்கனும் ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண்ணும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்கள் என்று சிலவற்றை வெளியிடத் தொடங்கியது. ஆன் 1835இல் இளவயதிலேயே இறந்தவள். அவளை லிங்கன் காதலித்தார் என்ற கதையை லிங்கனின் மரணத்துக்குப் பிறகு பரப்பியவர், அவரோடு சேர்ந்து சட்டத்தரணியாகத் தொழில் செய்த ஹேர்ண்டன். ஆதாரம் மெலிந்தது. ஆனால் 'புல்வெளி ஆண்டு'களில் சான்ட்பேர்க் அந்தக் காதலைக் கவிதையாகவே எழுதியிருந்தார். இப்போது கடிதங்களே கிடைத்திருக்கின்றன என்றதும், அவை உண்மையானவை என்று அவர் சான்று சொன்னார்.

அவை போலிகள். ஸ்பிரிங்பீல்டில் இருந்த இளம் ஆய்வாளர் போல் ஏஞ்சல் அதை அம்பலப்படுத்தினார். அவர் சுட்டிய பிழைகள் எளிமையானவை. குடியேற்றத்துக்கு 1854இல்தான் திறக்கப்பட்ட கன்சாஸ், அதற்கு இருபது ஆண்டுகள் முந்திய கடிதத்தில் வருகிறது. காணிப் பிரிவு 40 என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அமெரிக்க நில அளவையில் ஒரு நகரப்பற்றுக்கு 36 பிரிவுகள்தான் உண்டு. லிங்கனோ ஒரு காலத்தில் நில அளவையாளராக வேலை செய்தவர்! சான்ட்பேர்க் தன் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்தச் சில வாரங்களில் அவருக்குள் நடந்ததுதான் ஓர் ஆற்றுகைக்கான பொருள். அவர் பொய்யர் அல்ல. ஏற்கெனவே எழுதிவிட்ட ஒன்றை மெய்யாக்கும் தாளைக் கண்டதும் கண் மங்கிவிட்டது, அவ்வளவுதான். பாதுகாப்பதற்கு வசதியாக அவரிடம் அடிக்குறிப்புகளும் இருக்கவில்லை. அவருடைய நடையில் ஆதாரமும் கற்பனையும் ஒரே மூச்சில் வருகின்றன. விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1962இல் மிகக் கடுமையாக எழுதினார்: கொலையாளி பூத்துக்குப் பிறகு லிங்கனுக்கு நேர்ந்த கேடு சான்ட்பேர்க்தான் என்ற பொருளில். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆட்சியாளர்களைப் பற்றிய நூல் என்றாலே துதிப்பாடல் என்று பழகிவிட்ட நமக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன, எந்தச் சலுகையும் தரமுடியாத ஒரு ஜனாதிபதியை நேசித்து எழுதியவரின் தவறு வேறு தரத்தது. ஆனாலும் தவறு தவறுதான். நேசத்தால் செய்ததை வாசகர் எப்படி வேறுபடுத்தி அறிவது?

நள்ளிரவில் திறந்த அந்த ஆவணங்களில் வரலாற்றைப் புரட்டிப்போடும் இரகசியம் எதுவும் வெளிவரவில்லை. 1954இல் சான்ட்பேர்க் ஆறு தொகுதிகளையும் ஒரே நூலாகச் சுருக்கினார். அதில் ஆன் ரட்லெட்ஜ் காதல் மிகவும் அடக்கமாகிவிட்டது. 1959 பெப்ரவரி 12, லிங்கனின் 150ஆவது பிறந்தநாளில், அமெரிக்கக் காங்கிரசின் இரு சபைகளின் கூட்டமர்வில் அவர் தனியே எழுந்து உரையாற்றினார். 1967 ஜூலை 22இல், வட கரோலினாவில், மனைவி லிலியன் ஆடுகள் வளர்த்த பண்ணை வீட்டில் இறந்தார். சில ஆண்டுகளின் பின் அவருடைய லிங்கன் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, லிங்கனாக நடித்தவர் மார்க் ட்வெய்னைத் தனியொருவராகச் சுமந்த அதே ஹோல்புரூக். லிங்கனாக நடித்த அவர், லிங்கனை எழுதியவராகவும் தனியே ஒருமுறை மேடையேறியிருக்கலாம் என்று எனக்கு ஆசை.