மெர்டேக்கா அரங்கின் கோல் காவலர்

மலேசியக் காற்பந்தின் தலைசிறந்த கோல் காவலர்களில் ஒருவரான ஆர். ஆறுமுகம் 1953இல் கிள்ளான் துறைமுகப் பகுதியில் பிறந்தார். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடினார். நீண்ட கைகளால் மூலைக்குப் போகும் பந்தையும் தட்டிவிடும் அவரை ரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்றனர். 1974 ஆசிய விளையாட்டில் அவர் இடம்பெற்ற மலேசிய அணி வெண்கலம் வென்றது.

உச்சம் 1980தான். ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் இறுதி ஆட்டத்தில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் தற்காப்பில் நிற்க, மலேசியா தென் கொரியாவை 2-1 என வென்றது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்தத் தலைமுறைக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். மலேசியாவின் அரைத் தொழில்முறை லீக் அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. அவர் ஆடியதெல்லாம் அதற்கு முந்தைய காலத்தில்.