அப்பாக்கள் செய்த வால்வு

நம் மூளைக்குள் தினமும் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. வழி அடைபட்டால் நீர் தேங்கும். கைக்குழந்தையின் தலை பெருக்கும், மூளை நசுங்கும். அந்த நீரைக் குழாய் வைத்து இதயத்துக்கு இறக்கிப் பார்த்தார்கள் மருத்துவர்கள். ரத்தம் எதிரேறி உறைந்து குழாயை அடைத்தது.

1955-இல் அமெரிக்காவில் ஜான் ஹோல்டருக்கு மகன் கேசி பிறந்தான். முதுகுத்தண்டில் பிளவு, தலையில் நீர். ஹோல்டர் பூட்டுக் கம்பெனியில் கருவிகள் செய்பவர். ஒரு திசையில் மட்டும் திறக்கும் வால்வு வேண்டும் என்பதை அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸிடம் கேட்டறிந்து, தானே செய்ய உட்கார்ந்தார். சிலிகோனில் மெல்லிய கீறல். அழுத்தம் கூடினால் திறக்கும், குறைந்தால் மூடிக்கொள்ளும். 1956-இல் அது முதலில் காப்பாற்றப் போனது வேறொரு குழந்தையை. கேசிக்கும் பிறகு பொருத்தினார்கள். அவன் சில ஆண்டுகளே வாழ்ந்தான். வால்வு உலகம் முழுக்கப் போனது.

1960-இல் நியூயார்க்கில் எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை தியோவின் தள்ளுவண்டி மீது டாக்ஸி மோதியது. தலையில் அடிபட்டு நீர் தேங்கியதால் அவனுக்கு வைத்த வால்வு மறுபடி மறுபடி அடைத்தது. பொம்மை விமான இன்ஜின் செய்யும் ஸ்டான்லி வேடையும் லண்டன் மருத்துவர் கென்னத் டில்லையும் சேர்த்துக்கொண்டு டால் புது வால்வை உருவாக்கினார். அது தயாரானபோது தியோவுக்குத் தேவைப்படவில்லை. லாபம் வைக்காமல் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஆனாலும் ஏழை வீடுகளுக்கு வால்வு எட்டாத விலையில்தான் இருந்தது. அதை மாற்றியது உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூர். அங்கே தயாராகும் சாப்ரா வால்வு உகாண்டாவின் ம்பாலே நகர் வரை போனது. அங்கே அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் 195 குழந்தைகளிடம் அதையும் விலை உயர்ந்த அமெரிக்க வால்வையும் ஒப்பிட்டார். அப்போது சாப்ரா வால்வு சுமார் 35 டாலர், அமெரிக்க வால்வு 650. ஓராண்டு முடிவில் பலனில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்று 2005-இல் எழுதினார். விலை குறைந்தது என்பதற்காக இந்த வால்வைத் தாழ்த்திப் பேச யாருக்கும் உரிமையில்லை.

இன்று பெரும்பாலும் காதுக்குப் பின்னிருந்து தோலுக்கடியில் கழுத்து வழியே வயிற்றுக்கு இறங்குகிறது குழாய். பிள்ளை பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம். ஆனால் குழாய் எந்த வயதிலும் அடைக்கலாம், கிருமி தொற்றலாம். ஷன்ட் எனப்படும் இந்தக் குழாய் வைத்த பிள்ளைக்கு விடாத தலைவலி, வாந்தி, வழக்கத்தை மீறிய தூக்கம் வந்தால் அஜீரணம் என்று காத்திருக்காதீர்கள். உடனே நரம்பியல் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.