குரோஷா போர்வை (சென்னை, 2016)

ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னும் கைவேலை குரோஷா. இரண்டு ஊசிகளில் பின்னும் ஸ்வெட்டரில் கண்கள் (வளையங்கள்) வரிசையாக ஊசியில் நிற்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரு வளையம் மட்டுமே. அதனால் பாதியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வரலாம். வீட்டு வேலைகளுக்கிடையே இது தழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழகத்தில் இதன் பெயர்பெற்ற நிகழ்வு, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவின் போர்வை. வெவ்வேறு ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே பின்னிய சதுரங்களை இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரித்தார்கள். பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அப்போதைய கின்னஸ் சாதனை.

பலர் பின்னியதை இணைப்பதில் சிக்கல் அளவுதான். இறுக்கிப் பின்னுபவரின் சதுரம் சிறுக்கும், தளர்த்துபவருடையது விரியும். போர்வையில் ஓரத்தை இழுத்துச் சமாளிக்கலாம். சட்டையில் முடியாது, முதலில் மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணியே மார்பளவுக்குக் கணக்குப் போடவேண்டும். சென்னை வெயிலில் உடுத்தப் பருத்தி நூல் ஏற்றது.